ஓய்வூதியக் காசை யார் பார்க்கிறார்கள், அதற்கு எவ்வளவு எடுக்கிறார்கள்

சம்பளச் சீட்டில் சிபிபி, அதாவது கனடா ஓய்வூதியத் திட்டம், என்று ஒரு வரி வரும். கியூபெக் தவிர்ந்த கனடாவில் வேலை செய்கிற எல்லாருக்கும் அது பழக்கம். முதல் 3,500 டொலரை விட்டுவிட்டு, வருடா வருடம் அறிவிக்கும் உச்சவரம்பு வரை உள்ள சம்பளத்தில் 5.95 சதவீதம் எங்களிடமிருந்து போகிறது, அதே அளவை வேலை தருபவரும் போடுகிறார், சொந்தமாகக் கடையோ கொம்பனியோ நடத்துபவர் என்றால் இரண்டு பங்கையும் தானே கட்ட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் காசு எங்கே போகிறது, அதை முதலீடு செய்கிறவர்கள் தங்கள் வேலைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் பேசிக் கேட்டது மிகக் குறைவு. வீட்டுக் கடன் வட்டி கால் சதவீதம் கூடினால் கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதுதான் பேச்சு. நாற்பது வருடம் விடாமல் கட்டப்போகிற நிதியின் செலவு கால் சதவீதமா அரை சதவீதமா என்பதற்கு அந்த மேசையில் இடமில்லை.

இதை எழுத வைத்தது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. ஒஸ்லோவில் இருக்கும் அண்ணா நோர்வேயின் எண்ணெய் நிதி பற்றி ஒரு செய்தியைப் போட்டு, உலகத்திலேயே பெரிய நிதி, செலவும் ஆகக் குறைவு என்று பெருமையாக எழுதினார். நான் சிபிபியின் செலவுக் கணக்கைப் போட்டேன். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்து, ஈபிஎஃப் என்கிற இலங்கை ஊழியர் சேமலாப நிதியில் காசு கட்டும் மச்சாள் எங்கள் இருவரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எங்கட ஈபிஎஃப்பிலயும் செலவு குறைவுதானே, அப்ப அதுவும் நல்ல நிதியோ?"

நல்ல கேள்வி. மூன்று வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்.

முதலில் செலவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. வருடம் 1,000 டொலர் வீதம் 40 வருடம் போடுகிறீர்கள், விலைவாசியைக் கழித்த பிறகு 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஏறத்தாழ 120,800 டொலர் இருக்கும். முகாமைக் கட்டணமாக வருடம் 1 சதவீதம் போய், உங்கள் கைக்கு 4 சதவீதம்தான் வருகிறதென்றால் 95,000 டொலர். ஒரு சதவீதம் என்று சின்னதாகத் தெரிந்தது மொத்தத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் தின்றுவிட்டது. சந்தை அடுத்த வருடம் ஏறுமா இறங்குமா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. கட்டணம் எவ்வளவு போகும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரியும். அதனால்தான் ஒரு நிதியைப் பற்றிப் பேசும்போது நான் லாபத்தை இரண்டாவதாகவும் செலவை முதலாவதாகவும் பார்க்கிறேன்.

சிபிபியில் ஒரு வித்தியாசம் உண்டு. அது தரும் ஓய்வூதியம் சூத்திரப்படி நிர்ணயித்தது, நிதி நன்றாக ஓடினால் உங்களுக்குக் கூடவும் மோசமாக ஓடினால் குறையவும் வராது. ஆனால் நிதி தளர்ந்தால் அடுத்த தலைமுறை சம்பளத்திலிருந்து கட்டும் வீதம் ஏறும். ஆகவே செலவை எப்படியும் யாரோ ஒருவர் தாங்குகிறார், அனேகமாக எங்கள் பிள்ளைகள்.

சரி, செலவை ஒப்பிடுவோம் என்று இறங்கினால் முதல் பிரச்சினை, யாரும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. ஒரு நிதி தன் ஊழியர் சம்பளம், கட்டட வாடகை, கணினிச் செலவு இவற்றை மட்டும் செலவு என்று போடும். இன்னொன்று வெளி முகாமையாளர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் சேர்க்கும். லாபத்தில் பங்காகக் கொடுப்பதைச் சிலர் செலவாகவே காட்டுவதில்லை, லாபத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவார்கள். பங்கு வாங்கி விற்பதற்கான தரகு, ஒப்பந்தங்களுக்கான சட்டத்தரணிக் காசு எல்லாம் இன்னொரு பக்கத்தில் இருக்கும். நெதர்லாந்து ஓய்வூதிய நிதிகள் இந்த விஷயத்தில் மற்றவர்களை விட முன்னால் போய், நிர்வாகச் செலவு, முதலீட்டுச் செலவு, பரிவர்த்தனைச் செலவு மூன்றையும் தனித்தனியாகப் போடுகின்றன. போட்டவுடன் செலவு கூடத் தெரியும், பத்திரிகைகள் திட்டும். நேர்மையாக எண்ணுகிறவன் ஊதாரி மாதிரித் தெரிவது இந்தத் துறையின் பெரிய அநியாயங்களில் ஒன்று.

இதற்கு ஆகத் தெளிவான உதாரணம் கலிபோர்னியா அரச ஊழியர்களின் நிதியான கல்பெர்ஸ். அமெரிக்காவின் ஆகப் பெரிய பொது ஓய்வூதிய நிதி அது. பிரைவேட் ஈக்விட்டி என்கிற, சந்தையில் பட்டியலிடாத கொம்பனிகளை வாங்கி விற்கும் நிறுவனங்களிடம் 1990 முதல் காசு கொடுத்து வந்தது. அந்த நிறுவனங்களின் வழக்கமான விலை, ஒப்புக்கொண்ட தொகையில் வருடம் 2 சதவீதம், அதற்கு மேல் லாபத்தில் 20 சதவீதம். அந்த 20 சதவீதத்தில் மொத்தமாக எவ்வளவு போயிருக்கிறது என்ற கணக்கு கல்பெர்ஸிடம் நீண்ட காலம் திரட்டிய தொகையாக இருக்கவில்லை. 2015 இல் அதைப் பற்றிக் கேள்விகள் எழுந்து, அழுத்தம் கூடி, அந்த நவம்பரில்தான் வெளியிட்டார்கள்: 1990 முதல் 2015 ஜூன் வரை 3.4 பில்லியன் டொலர். அதே காலத்தில் நிதிக்கு வந்த லாபம் 24.2 பில்லியன். லாபம் பெரியது என்பதால் கொடுத்தது நியாயம் என்று வாதிடலாம், வாதிட்டார்கள். என்னை உறுத்துவது தொகை அல்ல. பள்ளிக்கூட ஊழியரும் பொலிஸ்காரரும் குப்பை அள்ளுகிறவரும் கட்டிய காசிலிருந்து கால் நூற்றாண்டாக ஒரு கட்டணம் போய்க்கொண்டிருந்தது, அதன் கூட்டுத்தொகையைக் கேட்கிறவர் யாரும் அந்த மேசையில் இருக்கவில்லை என்பதுதான்.

அதற்கு ஒரு வருடம் முன், 2014 செப்டெம்பரில், இதே கல்பெர்ஸ் ஹெட்ஜ் ஃபண்டுகளை (பெரிய முதலீட்டாளர்களுக்கான, கட்டணம் கூடிய தனியார் நிதிகளை) விட்டு முற்றாக வெளியேறியது. சுமார் 4 பில்லியன் டொலர் அதில் இருந்தது, 300 பில்லியன் அளவிலான நிதியில் அது ஒரு மூலை. சிக்கல் கூட, செலவு கூட, எங்கள் அளவுக்கு அதைப் பெருப்பிக்கவும் முடியாது என்று காரணம் சொன்னார்கள். சுத்தமான முடிவு. பிரைவேட் ஈக்விட்டியில் மட்டும் எதிர்ப்பக்கம் போனார்கள்: அதைக் குறைத்து வைத்திருந்த ஆண்டுகளில் லாபத்தைத் தவறவிட்டோம் என்று கருதி 2024 மார்ச்சில் இலக்கை 13 இலிருந்து 17 சதவீதமாக உயர்த்தினார்கள். அதனால் கல்பெர்ஸை வைத்து, செலவு கூடிய முதலீடெல்லாம் கூடாது என்று யாரும் பாடம் படிக்க முடியாது.

பக்கத்து மாநிலம் நெவாடாவில் கதை வேறு. 2016 இல் அங்கே 35 பில்லியன் டொலர் நிதியை முதலீட்டுப் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஸ்டீவ் எட்மண்ட்சன் என்று பெயர். கார்சன் சிட்டியில் ஒரு சிறிய அலுவலகம். பெரும்பகுதியைச் சந்தைச் சுட்டெண்களை, அதாவது முழுச் சந்தையின் போக்கைக் காட்டும் பட்டியல்களை, அப்படியே பின்பற்றும் ஃபண்டுகளில் போட்டுவிட்டு, தேவை வந்தால் ஒழியக் கை வைப்பதில்லை. அப்போது ஒன்று, மூன்று, ஐந்து, பத்து ஆண்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் அந்த நிதி கல்பெர்ஸை முந்தியிருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது சோம்பல் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தை சரியும் நாளில், சபை உறுப்பினர்கள் தொலைபேசி எடுத்து ஏதாவது செய் என்று நெருக்கும் நாளில், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உலகின் ஆகப் பெரிய ஓய்வூதிய நிதிகளில் முன்னணியில் இருக்கும் யப்பானின் அரச ஓய்வூதிய முதலீட்டு நிதியான ஜிபிஐஎஃப்பும் ஏறத்தாழ இதே வழிதான். 2014 வரை அதில் 60 சதவீதம் உள்நாட்டு முறிகள் (கடன் பத்திரங்கள்), கிட்டத்தட்ட வட்டியே இல்லாத முறிகள். அந்த ஒக்டோபரில் அதை 35 ஆக இறக்கி, உள்நாட்டுப் பங்கும் வெளிநாட்டுப் பங்கும் தலா 25 என்று ஏற்றினார்கள். 2020 ஏப்ரலில் இருந்து நான்கு வகையும் தலா 25. பெரும்பகுதி சுட்டெண் வழி என்பதால் செலவு 0.05 சதவீதத்துக்கும் நன்றாகக் கீழே. அவர்களிடம் எனக்கு ஆகப் பிடித்தது 2018 இல் கொண்டுவந்த ஒரு விதி: சந்தையை வெல்வேன் என்று சொல்லிக் காசு வாங்கும் வெளி முகாமையாளர், வெல்லாவிட்டால் சுட்டெண் ஃபண்டுக்குக் கொடுக்கும் கட்டணம்தான் அவருக்கும். வென்றால் கூடத் தருவோம். இதைவிட எளிய நியாயம் என்ன இருக்கிறது? இவ்வளவு பெரிய நிதி வாசலில் நின்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? பெரிதாக இருப்பதன் முழுப் பயனும் இந்தப் பேரம்தான், அதைப் பேசாத பெரிய நிதிகள்தான் அதிகம்.

இனி அண்ணாவின் நோர்வே. அதன் பெயரில் ஓய்வூதியம் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அந்த நிதியிலிருந்து யாருக்கும் நேரடியாக ஓய்வூதியம் போவதில்லை. முதியோருக்கான ஓய்வூதியம் அரச வரவு செலவிலிருந்து போகிறது. எண்ணெயிலும் எரிவாயுவிலும் வரும் வருமானம் இந்த நிதிக்குள் வருகிறது, அரசு அதிலிருந்து நீண்டகால அளவில் வருடம் 3 சதவீதம் அளவுக்குத்தான் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். 1990 இல் சட்டம், 1996 இல் முதல் தொகை, 1998 முதல் மத்திய வங்கியின் ஒரு பிரிவு அதை முகாமை செய்கிறது. 2023 முடிவில் 15.8 ரில்லியன் குரோனர் அளவு. உலகத்தில் பட்டியலிட்ட எல்லாக் கொம்பனிப் பங்குகளிலும் சராசரியாக 1.5 சதவீதம் அவர்களிடம் இருக்கிறது. இவ்வளவையும் நடத்த ஆகும் செலவு 0.05 சதவீதத்துக்கும் குறைவு.

எப்படி முடிகிறது? நிதியமைச்சு ஒரு சுட்டெண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறது, சுமார் 70 சதவீதம் பங்கு, மிச்சம் பெரும்பாலும் முறிகள், உலகம் முழுவதும். முகாமை செய்பவர்கள் அதிலிருந்து விலகலாம், ஆனால் எவ்வளவு விலகலாம் என்பதற்கு எண்ணால் வரம்பு உண்டு. எந்தக் கொம்பனியில் எத்தனை பங்கு என்பது முதல் பொதுக்கூட்டங்களில் எந்தப் பக்கம் வாக்களிக்கப் போகிறோம் என்பது வரை, அதுவும் ஐந்து நாள் முன்னாலேயே, வெளியிடுகிறார்கள். அவர்களுடைய செலவை மற்ற நாட்டு நிதிகளோடு ஒப்பிட்டு நிதியமைச்சு அறிக்கை வாங்குகிறது. அந்த ஒப்பீட்டைச் செய்வது இங்கே ரொறன்ரோவில் இருக்கும் செம் பெஞ்ச்மார்க்கிங் என்ற நிறுவனம். ஒரே அளவுள்ள நிதிகளை ஒன்றாக வைத்து, யாரிடம் என்ன வகைச் சொத்து எவ்வளவு இருக்கிறது, அதை உள்ளேயே பார்க்கிறார்களா வெளியே கொடுக்கிறார்களா என்று பிரித்துப் பிரித்து ஒப்பிடுவார்கள். அப்படிப் பிரிக்காமல் 0.05 ஐயும் 0.30 ஐயும் பக்கத்தில் வைத்துச் சிரிப்பதில் அர்த்தமில்லை, சுட்டெண் பங்கும் நீர்மின் நிலையமும் ஒரே செலவில் நடக்காது.

நோர்வேயிலும் எல்லாம் சுகமாக நடந்ததில்லை. 2008 இல் நிதி 23.3 சதவீதம் விழுந்தது. சந்தை விழுந்தால் விழத்தான் வேண்டும், ஆனால் தங்களுக்குக் கொடுத்த சுட்டெண்ணை விடவும் 3.4 சதவீதப் புள்ளி கூடவே விழுந்தார்கள். சந்தையை வெல்லும் திறமை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. நிதியமைச்சு என்ன செய்தது தெரியுமா? ஆண்ட்ரூ ஆங், வில்லியம் கோட்ஸ்மன், ஸ்டீபன் ஷேஃபர் என்ற மூன்று பேராசிரியர்களிடம், எங்கள் ஆட்கள் சுட்டெண்ணை விட்டு விலகி எடுத்த லாபநட்டம் எங்கிருந்து வந்தது என்று ஆராயச் சொன்னது. 2009 டிசெம்பரில் பதில் வந்தது. அதில் சுமார் 70 சதவீதம் தனித் திறமையால் வந்ததல்ல, எல்லாருக்கும் தெரிந்த சில பொதுவான ஆபத்துகளை ஏற்றதால் வந்தது. அந்த ஆபத்துகளை மலிவாக, தெரிந்தே, முன்கூட்டியே முடிவெடுத்து ஏற்றிருக்கலாம். இந்த அறிக்கையை அவர்கள் பூட்டி வைக்கவில்லை, எவரும் எடுத்து வாசிக்கலாம்.

பிரைவேட் ஈக்விட்டிக்குள் இறங்க விடுங்கள் என்று முகாமை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். 2018 இல் மறுப்பு. 2023 இல் மறுபடி ஆலோசனை கொடுத்தார்கள், 2024 ஏப்ரலில் அரசு மறுபடி இப்போதைக்கு இல்லை என்றது. செலவு கூடும், வெளிப்படைத்தன்மை குறையும் என்பவை அதன் கவலைகள். இங்கே நான் அரசின் பக்கம். அந்த நிதியின் பலம் யாரும் எட்டிப் பார்க்கக்கூடிய கண்ணாடிப் பெட்டியாக இருப்பதுதான், அதன் ஒரு பக்கத்தை மறைத்துக் கொஞ்சம் கூட லாபம் எடுத்தால் மிச்சப் பக்கங்களையும் மக்கள் சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.

இனி எங்கள் சிபிபி.

பலருக்குத் தெரியாத பழங்கதை ஒன்று உண்டு. 1990களின் நடுவில் சிபிபி மூழ்கிக்கொண்டிருந்தது. அப்போதைய நிலைமையில் விட்டால் 2015 அளவில் நிதி தீர்ந்துவிடும் என்று தலைமைக் காப்பீட்டுக் கணிப்பாளர் எழுதிக் கொடுத்தார். காரணங்களில் ஒன்று, கையில் மிஞ்சும் காசை அவர்கள் முதலீடு செய்யவே இல்லை. மாகாண அரசுகளுக்கு 20 வருடக் கடனாக, மத்திய அரசு கடன் வாங்கும் வட்டிக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது ஓய்வூதியக் காசு, அரசுகளின் மலிவுக் கடன் பெட்டி. கொழும்பில் இருந்து வாசிப்பவர்கள் இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1997 இல் மத்திய அரசும் மாகாணங்களும் சேர்ந்து சீர்திருத்தம் கொண்டுவந்தன. இரு தரப்பும் சேர்ந்து கட்டும் வீதம் 1996 இல் 5.6 சதவீதம், அதைப் படிப்படியாக 2003 இல் 9.9 ஆக்கினார்கள். முதலீட்டைப் பார்க்க அரசிடமிருந்து கை எட்டாத தூரத்தில் ஒரு தனிச் சபை. அதன் சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் மத்திய அரசு மட்டும் நினைத்தால் போதாது, மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்ட மூன்றில் இரண்டு பங்கு மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். என் பார்வையில் சிபிபி பற்றிச் சொல்லக்கூடிய ஆக நல்ல விஷயம் இந்தப் பூட்டுத்தான். லாபத்தை விட இது பெரிது.

தொடக்கத்தில் அந்தச் சபை பெரும்பாலும் சுட்டெண் வழியில்தான் போனது. 2006 இல் கொள்கை மாறியது: நாங்களே தேர்ந்து, நாங்களே வாங்கி, சந்தையை முந்துவோம். அப்போது ஊழியர்கள் இருநூறுக்கும் குறைவு, இப்போது இரண்டாயிரத்துக்கு மேல். மும்பை, லண்டன், ஹொங்கொங், நியூயோர்க், சிட்னி, சாவோ பாவ்லோ என்று அலுவலகங்கள். நெடுஞ்சாலை, துறைமுகம், கட்டடத் தொகுதி, மின்நிலையம் என்று நேரடியாக வாங்குகிறார்கள். ஸ்காபரோவில் இருந்து மிசிசாகாவுக்கு 407 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கட்டணச் சீட்டைப் பார்த்து வயிறெரிவது எனக்குத் தெரியும், அந்தச் சாலைக் கொம்பனியில் கணிசமான பங்கு சிபிபியிடம் இருக்கிறது. 1999 இல் ஒன்ராறியோ அரசு 3.1 பில்லியன் டொலருக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட சாலை அது. நாங்கள் சாரதியாகக் கட்டும் காசில் ஒரு பகுதி நாங்கள் ஓய்வூதியக்காரராக வாங்கப்போகிற நிதிக்குள் போகிறது.

இந்த வழிக்குப் பின்னால் உள்ள வாதம் வலுவானது. வெளி முகாமையாளருக்கு இரண்டும் இருபதும் கொடுப்பதை விட, நல்ல சம்பளத்தில் ஆட்களை உள்ளே வைத்து அதே வேலையைச் செய்வித்தால் செலவு எவ்வளவோ குறையும். கனடிய நிதிகள் பல இதைச் செய்து உலகத்துக்கு வழி காட்டின, ஒன்ராறியோ ஆசிரியர் நிதி அதில் முன்னோடி. ஆனால் நேரடியாகப் போகிறவர் நேரடியாகவே அடியும் வாங்குவார். அதே ஆசிரியர் நிதி எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ கொம்பனியில் போட்ட 95 மில்லியன் அமெரிக்க டொலரை 2022 இல் இழந்தது. ஒன்ராறியோ நகரசபை ஊழியர்களின் ஓமர்ஸ், லண்டனின் தேம்ஸ் வோட்டர் நிறுவனத்தில் வைத்திருந்த பெரிய பங்கை 2024 இல் பூச்சியமாக எழுதிவிட்டது.

இப்போது எண்கள். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சிபிபியின் அளவு 632.3 பில்லியன் டொலர். இயக்கச் செலவு மட்டும் சுமார் 1.6 பில்லியன். வெளி முகாமையாளர்களின் கட்டணமும் லாபப் பங்கும் பரிவர்த்தனைச் செலவும் இதற்கு வெளியே. திட்டத்தில் கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களுமாக 2 கோடி 20 லட்சம் பேர் என்று எடுத்தால் இயக்கச் செலவு மட்டும் ஆளுக்கு வருடம் 70 டொலருக்கு மேல். அந்த வருடம் நிதி தந்த வருமானம் 8 சதவீதம். அவர்களே தங்களுக்கு வைத்திருந்த ஒப்பீட்டுக் கலவை, உலகப் பங்குகளும் கனடிய அரச முறிகளும் சேர்ந்த சாதாரணக் கலவை, தந்தது 19.9 சதவீதம். ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அந்த வருடம் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் தலைகால் தெரியாமல் ஏறின. அதற்கு முந்தைய நிதியாண்டில் ஒப்பீட்டுக் கலவை 0.1, சிபிபி 1.3. நோர்வே நிதி 2022 இல் 14.1 சதவீதம் விழுந்தபோது சிபிபி அந்த அளவுக்கு விழவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நெடுஞ்சாலைக்கும் கட்டடத்துக்கும் தினசரிச் சந்தை விலை இல்லை, மதிப்பீடுதான் விலை, அதனால் அவை விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுந்ததாகத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு ஒரு வரி. 2006 முதல் 2024 நிதியாண்டு வரையான முழுக் காலத்தையும் எடுத்தால், எல்லாச் செலவும் போக, அந்த எளிய கலவையை விட நிதி வருடம் 0.1 சதவீதம் பின்தங்கியிருந்தது. இது எதிரிகள் சொன்ன கணக்கு அல்ல, அவர்களுடைய ஆண்டறிக்கையிலேயே உள்ள கணக்கு. பதினெட்டு வருடம், இரண்டாயிரம் பேர், உலகம் முழுக்க அலுவலகங்கள். முடிவில் கிட்டத்தட்ட அதே இடம், சற்றுக் கீழே. ஆபத்தைப் பரவலாக்கினோம், நெருக்கடியில் தாங்கும் நிதியைக் கட்டினோம் என்று சபை சொல்கிறது, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2006 இல் மக்களிடம் சொன்ன காரணம் அது மட்டும் இல்லை. கூடுதல் வருமானம் வரும், அதற்காகத்தான் கூடுதல் செலவு என்றார்கள். கூடச் செலவழிக்கிற நிதிதான் ஒவ்வொரு வருடமும் தன்னை நிரூபிக்க வேண்டும், மலிவாகச் செய்கிறவரிடம் அந்தக் கடன் இல்லை. நெவாடாவில் ஒருவர் செய்ததை விட நாங்கள் இரண்டாயிரம் பேர் இவ்வளவு கூடத் தந்தோம் என்று காட்டும் பொறுப்பு ரொறன்ரோவில் இருப்பவர்களுடையது.

மச்சாளிடம் வருகிறேன்.

இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. ஊழியர் 8, முதலாளி 12, மொத்தம் 20 சதவீதம். சிபிபியின் 11.9 ஐ விட எவ்வளவோ கூட, மலையகத் தோட்டத் தொழிலாளி முதல் கொழும்பு வங்கிக் கிளார்க் வரை தன் உழைப்பில் ஐந்திலொன்றை அதில் வைக்கிறார்கள். பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 இல் மொத்தமாகக் கையில் வரும். முதலீட்டுப் பொறுப்பு மத்திய வங்கியிடம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரச கடன் பத்திரங்களில் இருக்கிறது. அரச முறியை வாங்கி வைத்திருக்கப் பெரிய படை தேவையில்லை, ஆகவே செலவு குறைவு. அவள் சொன்னது சரிதான்.

ஆனால் அந்த மலிவு எதிலிருந்து வந்தது? கடன் வாங்குகிறவர் அரசு, அரசுக்காக அந்த முறிகளைச் சந்தையில் விற்றுக் கொடுப்பது அண்மைக்காலம் வரை மத்திய வங்கி, அவற்றைத் தொழிலாளர் பெயரில் வாங்குவதும் அதே மத்திய வங்கி. விற்பவரும் வாங்குபவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் பேரம் எங்கே நடக்கும்? 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது, அந்த வருடத்துக்கு ஈபிஎஃப் வரவு வைத்தது 9 சதவீதம். பிறகு 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளின் ரூபாய் முறிகளைத் தொடவில்லை. ஓய்வூதிய நிதிகளுக்கு மட்டும், பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்குங்கள், 2025 வரை 12 சதவீதமும் அதன் பிறகு 9 சதவீதமும் வட்டி, மாட்டோம் என்றால் முறி வருமானத்துக்கு 14 க்குப் பதிலாக 30 சதவீத வரி என்றார்கள். அந்தக் காசுக்குச் சொந்தக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. வங்கிகள் ஆடினால் நாடு ஆடும் என்ற காரணத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனாலும் தப்பிப் போக வழியில்லாதவர் மேல் சுமையை வைப்பது சுலபம் என்பதால் அங்கே வைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது, அதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆகவே மச்சாள், ஈபிஎஃப்பின் செலவு முகாமைக் கட்டணம் என்ற வரியில் இல்லை. சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய வட்டிக்கும் உங்களுக்குக் கிடைத்த வட்டிக்கும் நடுவில் இருக்கிறது, அதை எந்த அறிக்கையும் செலவு என்று எழுதாது. 1997 க்கு முன் சிபிபியிலும் இதே செலவுதான் இருந்தது. மாகாணங்கள் மலிவாகக் கடன் வாங்கிச் சாலையும் பள்ளிக்கூடமும் கட்டின, அதன் விலையை 5.6 இலிருந்து 9.9 ஆக ஏறிய கட்டணத்தில் எங்கள் அம்மா அப்பாமார் கொடுத்தார்கள். அண்ணாவின் நிதி மலிவாக இருப்பதற்கும் உங்களுடையது மலிவாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்: ஒஸ்லோவில் நிதி தன் சொந்த அரசுக்குக் கடனே கொடுப்பதில்லை, முழுக்க வெளிநாட்டில்தான் முதலீடு.

எங்கள் மூன்று நிதிகளிலும் எதை எடுப்பாய் என்று அண்ணா கேட்டார். நோர்வேயின் செலவுக் கணக்கும், கனடாவின் சட்டப் பூட்டும் சேர்ந்த ஒன்றை எடுப்பேன். சிபிபியைக் கலைத்துவிட்டுச் சுட்டெண்ணுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையையும் மின்நிலையத்தையும் ஒரே நாளில் விற்கவும் முடியாது, விற்கவும் கூடாது. ஒவ்வொரு சொத்து வகையிலும் என்ன செலவு, செலவு போக என்ன மிச்சம், அதே காசுக்குச் சுட்டெண் என்ன தந்திருக்கும் என்று மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எனக்குப் போதும். அப்புறம் யப்பான்காரர் மாதிரி, வெல்லாத வெளி முகாமையாளருக்கு வெல்லாத விலை.

இதைக் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. சிபிபி முதலீட்டுச் சபை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு மாகாணத்திலும் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எவரும் போகலாம், கேள்வி கேட்கலாம். அடுத்த ஒன்ராறியோக் கூட்டத்துக்குத் திகதி போட்டவுடன் நான் பதிவு செய்யப்போகிறேன், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருந்து யாராவது சேர்ந்து வருவதென்றால் கீழே எழுதுங்கள், கேள்விகளை முன்கூட்டியே பிரித்துக்கொள்வோம்.